ஒரு இரத்தப் பரிசோதனைக்காக எங்களைக் கொழும்பு வரை அலைக்காதீர்கள்

சுகாதாரப் பொறுப்பில் இருக்கும் ஐயாமார், அம்மாமார் அனைவருக்கும்,

வணக்கம். திருகோணமலையில் இருந்து கொழும்புக்குக் கீமோவுக்கு, அதாவது புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொள்ள, போய்வருகிறவர்களின் பாடு உங்களுக்குப் புதிதல்ல. அதனால் ஆதியில் இருந்து தொடங்கவில்லை. இரண்டு கிழமைக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். அன்று நாலாவது மருந்து ஏற்ற வேண்டிய நாள். புதன் இரவே பஸ் நிலையத்துக்கு வந்துவிட்டோம். பஸ் வரும்வரை அக்கா வீதியோரம் மேய்ந்துகொண்டிருந்த மான்களைப் பார்த்தபடி பேசாமல் நின்றார். ஒபரேஷன் இடப் பக்கம். அந்தக் கையில் யாரும் இடித்துவிடக் கூடாது என்று அதை யன்னல் பக்கம் வைத்து, கைக்குக் கீழே சின்னத் தலையணை ஒன்றைக் கொடுத்து இருத்தினேன். மற்றக் கையில் தேசிக்காய். மருந்து ஏறிய பிறகுதான் வாந்தி வரும் என்று நினைப்போம். நாலாவது தடவைக்கு வரும்போது அந்தப் பயணமே வாந்தியைக் கொண்டுவரும். ஹபரணையில் ஒரு தரம், தம்புள்ளை தாண்டி ஒரு தரம் சொப்பின் பையை விரித்துப் பிடித்தேன். இரண்டாவது தரம் வெறும் தண்ணீர்தான் வந்தது. "தங்கச்சி, நீயாவது கொஞ்சம் கண்ணை மூடு" என்றார்.

ஏறக்குறைய 260 கிலோமீற்றர். விடியப்புறம் போய் இறங்கி, காலையில் இரத்தம் கொடுத்து, மத்தியானம் வரை வாங்கில் காத்திருந்தோம். ரிப்போட் வந்தது. நோயை எதிர்க்கிற வெள்ளை இரத்தக் கலங்கள் போதாது. "இப்ப ஏத்த ஏலாது. அடுத்த கிழமை வாங்கோ."

டொக்டரில் பிழை சொல்ல மாட்டேன். கலங்கள் குறைந்திருக்கும்போது மருந்தை ஏற்றினால் உயிருக்கே ஆபத்து என்று எங்களுக்கும் தெரியும். 21 நாளைக்கு ஒரு தடவை ஏற்றுகிற மருந்து. சிலருக்கு அதற்குள் கலங்கள் ஏறிவிடும், சிலருக்கு ஏறாது. ஆனால், நோயை எதிர்க்கச் சக்தியில்லை என்று உங்கள் ரிப்போட்டே சொல்கிற ஒரு பெண்ணை, இருமலும் தும்மலுமாக நெருக்கியடிக்கிற பஸ்ஸில் போகவும் வரவும் பதினாலு மணித்தியாலம் இருக்க வைத்தது எது? இந்த ஏற்பாடுதான்.

சனிக்கிழமை இரவு அக்காவுக்குக் காய்ச்சல். 38 பாகைக்கு மேலே போனால் விடியும்வரை பார்த்திருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். உடனே ஓட்டோவில் எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். அங்கே எடுத்த முதல் பரிசோதனை என்ன தெரியுமா? அதே இரத்தப் பரிசோதனை. ஒரு மணித்தியாலத்துக்குள் ரிப்போட் கைக்கு வந்துவிட்டது. அந்தத் தாளைப் பிடித்தபடி வார்டு வாசலில் நின்றபோது எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுத விரும்பவில்லை.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். மருந்து ஏற்றுகிற நாளுக்கு இரண்டு நாள் முன்னதாக, திருகோணமலையிலேயே இரத்தத்தை எடுங்கள். முடிவைக் கிளினிக்குக்கு அனுப்புங்கள். "வாங்கோ" அல்லது "இந்தக் கிழமை வேண்டாம்" என்று ஒருவர் தொலைபேசியில் சொல்லட்டும்.

நாங்களாக முயலவில்லை என்று நினைக்க வேண்டாம். மூன்றாவது மருந்துக்குப் போகும்போது, காசு கொடுத்து ஊரில் ஒரு லேப்பில் எடுத்த ரிப்போட்டைக் கொண்டுபோனேன். "எங்கட லேப் ரிப்போட்தான் செல்லும்" என்று திருப்பித் தந்துவிட்டார்கள். தனியார் ரிப்போட்டில் நம்பிக்கை இல்லை என்றால் சரி, அரசாங்க லேப்பிலேயே எடுக்க வழி செய்து தாருங்கள். மட்டக்களப்பு கிட்டத்தானே, கீமோவுக்கு அங்கே போகலாமே என்றும் கேட்பீர்கள். ஒபரேஷன் நடந்தது கொழும்புப் பக்கம். அக்காவின் மருத்துவக் கோவையும் அங்கே, பார்க்கிற டொக்டரும் அங்கே. பாதிச் சிகிச்சையில் இடம் மாறச் சொன்னால் எந்த நோயாளிக்கு மனம் துணியும்?

இலவச மருத்துவத்தின் அருமை தெரியாதவர்கள் இல்லை நாங்கள். வெளியில் வாங்கினால் வீட்டை விற்க வேண்டிய மருந்தை ஒரு சதம் வாங்காமல் ஏற்றுகிறீர்கள். அக்காவின் கட்டியைக் கண்டுபிடிக்க வைத்ததும் உங்கள் ஆட்கள்தான். பெண்களுக்கு நோய் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்கிற சுகவனிதையர் கிளினிக்கில் மிஸ்ஸி (தாதி) சொல்லிக் கொடுத்தபடி கையால் தடவிப் பார்த்துத்தான் அவர் கண்டுபிடித்தார். ஒவ்வொரு ஒக்டோபரும் இளஞ்சிவப்பு நாடா குத்தி, "நேரத்தோடு வாருங்கள்" என்று பெண்களிடம் சொல்கிறீர்கள். அக்கா நேரத்தோடுதான் வந்தார். வந்தவருக்கு வழியில் என்ன நடக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லையே! நாங்களாவது நகரத்தில் இருக்கிறோம். வெருகலில் இருந்தும் குச்சவெளியில் இருந்தும் வருகிற பெண்கள் எங்கள் பஸ்ஸைப் பிடிக்கவே முதலில் இன்னொரு பஸ் ஏற வேண்டும். பிள்ளைகளை அயல் வீட்டில் விட்டு, கூட வருகிறவரின் அன்றாடக் கூலியையும் இழந்து போகிறார்கள். அவர்களில் ஒருவர் இரண்டு தடவை திரும்பி வந்தபின், மூன்றாவது தடவை போகாமலே வீட்டில் இருந்துவிட்டால் யார் பதில் சொல்வது?

கோபத்தில் கூடச் சொல்லியிருந்தால் மன்னியுங்கள். இந்தச் சிகிச்சை முழுவதும் எல்லோருக்கும் ஊரிலேயே கிடைக்கிற நாள் வரட்டும், சந்தோசம். அதுவரை காத்திருக்க அக்காவிடம் நாள் இல்லை. புதுக் கட்டடமோ புது மெசினோ நாங்கள் கேட்கவில்லை. ஊரில் எடுக்கிற இரத்தத்தின் முடிவை ஏற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

காய்ச்சலால் தள்ளிப்போன நாலாவது மருந்துக்கு வரும் வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை காலை, வலது கையை நீட்டி ஊரிலேயே இரத்தம் கொடுக்க அக்கா தயாராக இருக்கிறார். அந்த ரிப்போட்டைப் பார்த்து, புதன் இரவு நாங்கள் பஸ் ஏற முன் ஒரு வார்த்தை சொல்ல ஒருவரை ஒழுங்கு செய்து தாருங்கள். தயவுசெய்து.

இப்படிக்கு,
ஒரு தங்கச்சி,
திருகோணமலை.