லாட்டரிப் பரிசும் வருமான வரியும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

வணக்கம். பண்ருட்டியிலிருந்து கொல்லத்துக்கு முந்திரி ஏற்றிச் செல்லும் ஓட்டுநர்களும், சபரிமலைக்குச் சென்று திரும்புவோரும் கேரள அரசின் லாட்டரிச் சீட்டை அங்கேயே வாங்கி, பரிசு விழுந்தபின் எங்களிடம் வருவது கூடிவருவதால் இம்மடலை எழுதுகிறோம். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரி விற்பனைக்குத் தடை உள்ளது. ஆகையால், கடலூரில் யாராவது மறைத்து விற்கும் சீட்டைத் தயவுசெய்து வாங்காதீர்கள். வெளிமாநிலத்தவர் பரிசு கோரும்போது, சீட்டு எங்கே வாங்கப்பட்டது என்று கேட்பார்கள்.

சென்ற ஆண்டு ஒரு வாடிக்கையாளர் சட்டைப்பையில் நான்காக மடித்து வைத்திருந்த சீட்டைக் கொண்டுவந்தார். வியர்வையில் நனைந்து, மடிப்பில் ஓர் எண் பாதி அழிந்திருந்தது. பின்புறத்தில் கையெழுத்தும் இல்லை. அந்தத் துண்டுக் காகிதம்தான் பரிசுக்கு ஆதாரம் என்பதால், வாங்கிய அன்றே பின்புறத்தில் பெயர், முகவரி எழுதிக் கையொப்பமிடுங்கள். இருபுறமும் நகல் எடுத்து வையுங்கள். குலுக்கல் நடந்த 30 நாட்களுக்குள் சீட்டை ஒப்படைக்க வேண்டும். 5,000 ரூபாய் வரையிலான பரிசை அங்குள்ள லாட்டரிக் கடையிலேயே பெறலாம். 1 லட்சத்துக்கு மேற்பட்டது திருவனந்தபுரத்திலுள்ள லாட்டரி இயக்குநரகத்துக்குச் செல்லும். வங்கி மூலமாகவும் அனுப்பலாம், தொலைவிலுள்ள நமக்கு அதுவே நல்ல வழி.

இனி வரி. பெரிய பரிசுகளில் சீட்டு விற்ற முகவருக்குரிய பங்கு முதலில் கழியும். 10,000 ரூபாயைத் தாண்டிய பரிசில் 30 விழுக்காட்டை வரியாகப் பிடித்த பிறகே மீதி உங்கள் கணக்கில் வரும். 5 லட்சம் விழுந்து, முகவர் பங்கு 10 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், 50,000 போக நிற்பது 4,50,000. அதில் 1,35,000 வரி போக, கைக்கு வருவது 3,15,000. இத்துடன் முடிந்தது என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். பிடித்த வரியின்மேல் 4 விழுக்காடு செஸ் என்னும் கூடுதல் தீர்வை, அதாவது 5,400 ரூபாய், நாமே கட்ட வேண்டியது. ஆண்டு வருமானம் 50 லட்சத்தைக் கடந்தால் சர்சார்ஜ் என்னும் மிகைவரியும் சேரும்.

“எனக்கு வேறு வருமானமே இல்லை, பிடித்த வரியைத் திருப்பி வாங்கித் தாருங்கள்” என்று கேட்போருக்கு எங்கள் பதில் வருத்தத்துக்குரியதே. பரிசுத் தொகைக்கு அடிப்படை வரிவிலக்கு கிடையாது. 12 லட்சம் வரை வரியில்லை என்ற புதிய முறையின் தள்ளுபடியும் அதற்குப் பொருந்தாது. சீட்டு வாங்கிய செலவையும், காப்பீட்டுப் பிரீமியத்தையும் அதில் கழிக்க இயலாது. திருப்பி வாங்கித் தருவதாக யாரேனும் கூலி பேசினால் நம்பாதீர்கள்.

மேலும், பரிசை மறைத்து எளிய வருமான வரிப் படிவமான ஐடிஆர்-1 தாக்கல் செய்வது தவறு. பிடித்தம் உங்கள் பான் எண்ணில், வரிப் பிடித்தங்களைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில் பதிவாகியிருக்கும். கணக்கு ஒத்துவராவிட்டால் நோட்டீஸ் வரும். இப்பரிசு இருந்தால் சம்பளக்காரரும் ஐடிஆர்-2 தாக்கல் செய்ய வேண்டும்.

பரிசு விழுந்த சீட்டைக் கூடுதல் ரொக்கம் தந்து வாங்கிக்கொள்ள ஆட்கள் அணுகுவதுண்டு. அவர்களுடைய கணக்கில் வராத பணத்துக்கு உங்கள் சீட்டு மறைப்பாகும். அதற்குத் துணைபோக வேண்டாம். “வரியை முன்கூட்டிக் கட்டினால் பரிசு வரும்” என்னும் கைபேசிச் செய்திகள் அனைத்தும் மோசடியே.

எங்களிடம் வரும்போது சீட்டின் நகல், பான், ஆதார், வங்கிப் பாஸ்புக், வரிப் பிடித்தச் சான்று ஆகியவற்றை எடுத்து வாருங்கள். அசல் சீட்டை, ஒப்படைக்கும் வரை, பிளாஸ்டிக் உறையில் வீட்டிலேயே பத்திரமாக வையுங்கள்.

இப்படிக்கு,
வரி ஆலோசனை அலுவலகத்தார்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.