புயலுக்கு முன்னாடியே பேசி வைப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2018 நவம்பர் 16 விடியக்காலைல கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையேறுச்சு. எங்க அக்கா வீடு அந்தப் பக்கம்தான், ரெண்டு நாள் போனே போகல. இங்க சிங்கப்பூர்ல கோயில் தொண்டூழியருங்க நாங்க வாட்ஸ்அப்புல ஒரு மெசேஜ் போட்டோம், ஒரே ராத்திரில புளோக்குக்குக் கீழ காலியா இருக்குற வாய்ட் டெக் முழுக்க துணி மூட்டை, உக்காந்து விடிய விடிய பிரிச்சோம், ஒரு பையில பட்டன் போன ஸ்கூல் சட்டை, இன்னொண்ணுல ஈரம் காயாம மடிச்ச சேலை, அந்தப் பூஞ்சை வாடை இன்னும் மறக்கல. குடுத்தவங்கள குறை சொல்ல மாட்டேன், நல்ல மனசோடதான் குடுத்தாங்க. மூணாம் நாள் அக்கா லைன்ல கெடச்சு, "துணியெல்லாம் வேணாம் தம்பி, கூரைக்கு மேல போட தார்ப்பாய் இருக்கா, தென்னமரம் பூரா சாஞ்சு வழியடச்சு கெடக்கு, அறுக்க ஆளும் இல்ல மெஷினும் இல்ல"ன்னு அழுதுச்சு.

அமெரிக்காவுலயும் இதே கஷ்டம் பட்டிருக்காங்க. 1969ல கமில்னு ஒரு ஹரிகேன் அடிச்சப்ப ஆளாளுக்கு தனித்தனியா உதவப் போயி ஒரே வேலைய நாலு பேரு செஞ்சிருக்காங்க, அதனால 1970ல சர்ச்சு அமைப்புங்களும் மத்த அமைப்புங்களும் சேந்து பொதுவா ஒரு கூட்டமைப்பு ஆரம்பிச்சாங்க. இப்ப அங்க புயல் அடிச்சா சதர்ன் பாப்டிஸ்ட் சர்ச்சு ஆளுங்க மஞ்ச சட்டையோட வந்து சமைப்பாங்க, ரெட் கிராஸ் அத வண்டில கொண்டுபோய் குடுக்கும். யாருக்கு எந்த வேலைன்னு முன்னாடியே பேசி, பயிற்சியும் எடுத்து வச்சிருக்காங்க.

நம்மகிட்ட என்ன இல்ல? தைப்பூசத்துக்கு அன்னதானம் போடுறோம், பள்ளிவாசல்ல மாசம் பூரா நோன்புக் கஞ்சி காய்ச்சுறாங்க, பெரிய கூட்டத்துக்கு பசியாத்தி பழகின கைங்கதான். அண்டாவ இங்கேந்து தூக்கிட்டு போக முடியாது, சரி. ஆனா சிக்கல் முருகன் கோயில், நாகூர் தர்கா, வேளாங்கண்ணி மூணுமே நாகப்பட்டினம் பக்கத்துலதான் இருக்கு, மூணுக்கும் இங்கேந்து வருஷா வருஷம் நேந்துக்கிட்டு போற சனம் நம்ம சனம். அங்க சமைக்கிறவங்க யாரு, தார்ப்பாய் எந்தக் கடைல வாங்கலாம், மரம் அறுக்க யாரக் கூப்பிடணும்னு நல்ல நாள்லயே விசாரிச்சு வைக்கலாமே. வெளிநாட்டு உதவிக்குன்னு பொதுமக்கள்கிட்ட பணம் திரட்ட இங்க பெர்மிட் வேணும், அந்த ஃபாரத்த புயல் அடிச்ச அன்னிக்கு தேடிக்கிட்டு நிக்கக் கூடாது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபர்ல தொடங்கிடும். அதுக்குள்ள ஒரு ஞாயித்துக்கெழம, கோயிலுக்கு ரெண்டு பேரு, பள்ளிவாசலுக்கு ரெண்டு பேரு, சர்ச்சுக்கு ரெண்டு பேருன்னு ஒரு இடத்துல உக்காந்து பேசணும். நாற்காலி போட்டு டீ போட நான் வரேன்.

இப்படிக்கு,
ஒரு கோயில் தொண்டூழியர்,
ஈசூன்