மஞ்சப்பையில் பதினோரு சீட்டு: மருத்துவப் பாடத்திட்டம் வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

எம்.பி.பி.எஸ். மாணவர்கள் எதைப் படிக்க வேண்டும், எதில் தேற வேண்டும் என்று முடிவு செய்யும் இடத்தில் இருக்கும் மதிப்புக்குரிய பெரியோர்களுக்கு,

வணக்கம். பல்லடத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, தறிக்குடோன்களுக்கு நடுவில் இருக்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கும் மருத்துவர் எழுதுகிறேன். மனநல மருத்துவத்துக்குப் பாடத்திட்டத்தில் எத்தனை வாரம், எத்தனை மதிப்பெண் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் போட்ட கணக்குதான். அதனால் போன மாதம் ஒரு திங்கட்கிழமை நடந்ததை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமை என்றால் எங்கள் ஓ.பி.யில் கூட்டம் வாசலைத் தாண்டி நிற்கும். பதினோரு மணி வாக்கில் ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா வந்து உட்கார்ந்தார். ஏற்கெனவே பார்த்த முகம். "உடம்பெல்லாம் ஒளைச்சலுங்க டாக்டரம்மா. நெஞ்சு படபடங்குது. சோறு எறங்கறதில்லீங்க" என்றார். அவர் முடிப்பதற்குள் என் பேனா கால்சியம் மாத்திரையைத் தாண்டி வலி மாத்திரைக்குப் போயிருந்தது. பக்கத்தில் பி.பி. பார்த்துக்கொண்டிருந்த செவிலியர் அக்கா, பட்டையைச் சுற்றிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்: "ஏனுங்க்கா, ராத்திரி தூக்கம் வருதுங்களா?"

அந்த அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். சத்தமே இல்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, தோள் மட்டும் குலுங்கியது. பின்னால் நாற்பது பேர் சீட்டோடு நிற்கிறார்கள்.

கொஞ்சம் ஆசுவாசமானதும் மடியில் இருந்த மஞ்சப்பையை மேசையில் கவிழ்த்தார். பதினான்கு மாதத்தில் பதினோரு ஓ.பி. சீட்டு. எங்கள் நிலையம், தாலுகா மருத்துவமனை, இரண்டு தனியார் கிளினிக். இரண்டு ஈ.சி.ஜி., இரண்டுமே நார்மல். தைராய்டு நார்மல். ரத்தத்தில் குறை இல்லை. வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்த எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட் ஒன்று, அதுவும் நார்மல். "இதுக்குத்தானுங்க கம்மலைக் கொண்டு போய் வெச்சேன்" என்றார். அப்போதுதான் பார்த்தேன், காதில் வேப்பங்குச்சி செருகியிருந்தது.

ஒரு குடும்பத்தின் கடைசித் தங்கம், 'ஒன்றும் இல்லை' என்று எழுதிய ஒரு தாளுக்குப் போயிருக்கிறது. அந்தத் தாளை அவர் மடிப்புக் கலையாமல் பாலித்தீன் உறையில் போட்டு வைத்திருந்தார்.

பதினோரு சீட்டில் நான்கு என் கையெழுத்து. உடல் வலி, சோர்வு என்று எழுதி, பி காம்ப்ளக்ஸ், வயிற்றெரிச்சலுக்குப் பேன்டோபிரசோல், வலிக்கு இடுப்பில் ஒரு டைக்ளோ ஊசி. பதினோரு சீட்டில் ஒன்றில்கூடத் தூக்கத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. மனசு எப்படி இருக்கிறது என்று ஏழு மருத்துவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டது பி.பி. பட்டை சுற்றிய அக்கா.

அன்றைக்குக் கேட்டேன். இரண்டு தறியையும் பழைய இரும்புக்கு எடை போட்டு விற்றதிலிருந்து எதிலும் பிடிப்பில்லை. விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அவ்வளவுதான். பேத்தியைத் தூக்கிக் கொஞ்சக்கூடத் தோன்றுவதில்லை. சாவு நினைப்பு வருகிறதா என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. அதைக் கேட்டால் நாமே விதைத்துவிடுவோமோ என்கிற பயம் படித்த காலத்திலிருந்தே இருக்கிறது. அது தவறான பயம், கேட்பதால் அந்த எண்ணம் கூடுவதில்லை என்பதை வேலைக்கு வந்தபின் நானாகப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். கேட்டதும் அவர் நிமிர்ந்து பார்த்து, "வராம இருக்குமா கண்ணு" என்றார்.

ஐயா, அம்மா, இது அபூர்வமான நோய் இல்லை. இது மனச்சோர்வு. மூன்றாம் ஆண்டு மாணவர்கூடக் கண்டுபிடிக்க வேண்டியது. இரண்டு வாரமாக மனசு வாடிக் கிடக்கிறதா, முன்பு பிடித்ததெல்லாம் இப்போது பிடிக்காமல் போய்விட்டதா என்ற இரண்டே கேள்வியில் கதவு திறந்துவிடும். நம் ஊர்ப்பக்கம் யாரும் 'எனக்கு மனச்சோர்வு' என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஒளைச்சல், கிறுகிறுப்பு, நெஞ்சில் அடைப்பு, வயிற்றில் எரிச்சல் என்று உடம்பின் பெயரில்தான் வருவார்கள். நாங்கள் அந்த உடம்பை மட்டும் பார்த்து அனுப்பிவிடுகிறோம். அடுத்து அவர்கள் மந்திரித்துக் கயிறு கட்டுவார்கள், மனநோய் தீரும் என்று நம்பிக் குணசீலம் கோயிலுக்குப் போவார்கள். போகட்டும், கோயிலுக்குப் போவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அவர்கள் முதலில் வந்தது எங்களிடம்.

என் படிப்பைச் சொல்கிறேன். பழைய பாடத்திட்டத்து ஆள் நான். மனநலப் பிரிவில் இரண்டு வாரம் போஸ்டிங். மாணவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'ரெஸ்ட் போஸ்டிங்'. வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டு நூலகத்துக்குப் போய் மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்கான கேள்விகளைப் போட்டுப் பார்ப்போம். இருந்த நாட்களில் வார்டில் காட்டியது மனச்சிதைவு, இருதுருவக் கோளாறு போன்ற கடுமையான மனநோய்கள். இருபது பேர் சுற்றி நின்று பொருட்காட்சி போலப் பார்த்தோம். அவற்றையும் படிக்க வேண்டியதுதான். ஆனால் என் ஓ.பி.க்கு வருவது பெரும்பாலும் மனச்சோர்வு, பதற்றம், குடி, தூக்கமின்மை. இவர்கள் மனநல வார்டில் படுத்திருப்பதில்லை. பொது மருத்துவ ஓ.பி. வரிசையில் நிற்கிறார்கள். அந்த வரிசையில் அவர்களை அடையாளம் காண எங்களுக்கு யாரும் காட்டித் தரவில்லை.

நெஞ்சு படபடப்பு, வியர்வை, தலைவலி மூன்றும் சேர்ந்து வந்தால் என்ன என்று கேளுங்கள். பியோக்ரோமோசைட்டோமா என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். அட்ரீனல் சுரப்பியில் வரும் அந்தக் கட்டியை நான் இன்னும் ஒரு நோயாளியிடமும் பார்த்ததில்லை. பேனிக் அட்டாக் என்கிற திடீர்ப் பதற்றத்தோடு வருகிறவர்களை வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன். ஈ.சி.ஜி. நார்மல், கேஸ் ட்ரபுள் என்று சொல்லி அனுப்புவதுதான் எங்களுக்கு வந்த வைத்தியம். கட்டி தேர்வில் வரும், பதற்றம் வராது. மாணவர்களைக் குறை சொல்லி என்ன பயன்?

அதனால் என் கோரிக்கை ஒன்றுதான். இறுதியாண்டில் நோயாளியை நேரில் பார்த்துச் சொல்லும் மருத்துவமனைத் தேர்வில் மனநலக் கேஸ் ஒன்றைக் கட்டாயமாக வையுங்கள். அதில் தேறாதவர் தேறாதவர்தான் என்று வையுங்கள்.

2019 முதல் வந்த திறன்வழிப் பாடத்திட்டத்தைப் படித்தேன். நோயாளியோடு பேசும் முறைக்கே தனிப் பயிற்சி வைத்திருக்கிறீர்கள். பயிற்சி மருத்துவர்களுக்கு மனநலப் பிரிவில் இரண்டு வாரம் கட்டாயம் ஆகியிருக்கிறது. எங்கள் காலத்தில் அது விருப்பப் பாடங்களில் ஒன்று, அதை எடுத்தவர் எங்கள் பேட்சில் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். மாற்றியதற்கு மனமார நன்றி. ஆனால் எழுத்துத் தேர்வில் மனநலம் இன்றும் பொது மருத்துவத் தாளுக்குள் தோல் நோயோடு சேர்ந்து ஓர் ஓரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. அந்த ஓரத்தை முழுதாக விட்டுவிட்டாலும் மற்றதை எழுதி மருத்துவர் ஆகிவிடலாம். நான் அப்படி ஆனவள்.

பெங்களூரு தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16ல் பன்னிரண்டு மாநிலங்களில் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடும் உண்டு. பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு, அவர்களில் சிகிச்சை கிடைக்காதவர்கள் நோய்க்கு நோய் 70 முதல் 92 சதவீதம் வரை என்று சொன்னது. இந்த எண்களை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். கருத்தரங்குகளில் முதல் ஸ்லைடே இதுதான். அப்படிச் சிகிச்சை கிடைக்காதவர்களில் ஒருவருடைய மஞ்சப்பையை நான் இப்போது பார்த்துவிட்டேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது, டூ வீலரில் விழுந்து கால் முறிந்த ஒருவர் எலும்பு வார்டில் சேர்ந்தார். மூன்றாம் நாள் ராத்திரி சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்தினார், கை நடுங்கியது, உடம்பெல்லாம் வியர்வை. கட்டிலில் கட்டிப்போட்டோம். 'மெண்டல் கேஸ், காலையில் பார்க்கலாம்' என்று ஒருவர் சொல்ல, குளுக்கோஸ் பாட்டில் ஏறியது. தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் இது வரலாம், உயிருக்கே ஆபத்து, குளுக்கோஸுக்கு முன்னால் தயமின் என்கிற வைட்டமின் பி1 போட வேண்டும் என்பது எங்களில் ஒருவருக்கும் அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. பெரிய டாக்டர் வந்து காப்பாற்றினார். 2003 முதல் சில்லறை மதுக்கடையை அரசே நடத்தும் மாநிலம் இது. சரக்கு கிடைக்காத ஊர் இல்லை. குடியை நிறுத்தியவருக்கு மூன்றாம் நாள் என்ன ஆகும் என்று தெரிந்த இளம் டாக்டர் மட்டும் கிடைக்க மாட்டார். விற்பனை இலக்கு வைப்பது போல இதற்கும் ஓர் இலக்கு வைத்தால் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது. சரி, அது உங்கள் துறை இல்லை. கோபம் எங்கெங்கோ இழுத்துப் போகிறது, மன்னிக்கவும்.

'எல்லோரையும் மனநல மருத்துவர் ஆக்க முடியுமா' என்று கேட்பீர்கள். வேண்டாம். நிமோனியா பார்க்க எங்களை நுரையீரல் நிபுணர் ஆக்கவில்லையே. கண்டுபிடிக்க, எளியதை ஆரம்பிக்க, கடினமானதைச் சரியான இடத்துக்கு அனுப்பக் கற்றுக் கொடுத்தால் போதும். மனச்சோர்வுக்கான எஸ்சிட்டலோபிராம் மாத்திரையை எந்த அளவில் தொடங்குவது, முதல் வாரத்தில் குமட்டினால் என்ன சொல்வது, பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும் என்பதை எப்படிச் சொல்லி அனுப்புவது, குணமானபின்னும் ஆறு மாதமாவது ஏன் நிறுத்தக் கூடாது, தூக்கத்துக்கென்று அல்பிரசோலாமைக் கைபோன போக்கில் எழுதினால் அந்த ஆள் அதை விட முடியாமல் எப்படிச் சிக்குவார். இவ்வளவுதான். இதைத் தேர்வில் கேளுங்கள், நாளைக்கே படித்துவிடுவார்கள். எங்களை எனக்கு நன்றாகத் தெரியும்.

கேஸை மனநல வார்டிலிருந்து எடுக்க வேண்டாம் என்றும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பொது மருத்துவ ஓ.பி. வரிசையிலிருந்து, சம்மதிக்கிற ஒருவரை எடுங்கள். பத்து நிமிடம் மாணவர் அவரோடு பேசட்டும். என்ன பேசினார், எதைக் கேட்டார், சாவு நினைப்பைப் பற்றிக் கேட்டாரா என்று தேர்வாளர் பார்க்கட்டும்.

அந்த அம்மாவைத் தாலுகா மருத்துவமனைக்கு வரும் மனநல மருத்துவரிடம் அன்றைக்கே போனில் பேசி அனுப்பினேன். மருமகளையும் கூட்டி வைத்து, தனியாக விடக் கூடாது, ராத்திரி மனசு கனத்தால் அரசின் மனநல உதவி எண் 14416க்கு அடிக்கலாம் என்று சொல்லி, எண்ணைச் சுவரில் எழுதி வைக்கச் சொன்னேன். ஐந்தாம் வாரம் வந்தார். "அஞ்சு மணி வரைக்கும் தூங்கிட்டனுங்க அம்மணி" என்றார், ஏதோ தப்புச் செய்தவர் போல. காதில் இன்னும் வேப்பங்குச்சிதான்.

வரும் கல்வியாண்டிலிருந்தே இறுதித் தேர்வில் ஒரு மனநலக் கேஸைக் கட்டாயமாக்கி ஆவன செய்யுமாறு மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். என் நான்கு சீட்டுகளின் நகலை, அந்த அம்மாவின் சம்மதத்தோடு, பெயரையும் எண்ணையும் அழித்து இத்துடன் இணைத்திருக்கிறேன். எழுத்து கொஞ்சம் கோழிக் கிறுக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
பல்லடம் பக்கத்து மருத்துவ அலுவலர் ஒருவர்