மண்டபத்திலிருந்து மகனுக்கு

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான மகனுக்கு, அம்மா எழுதுவது. உனக்கும் மருமகளுக்கும் பிள்ளைகள் இருவருக்கும் இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

மலாவி ஊழியத்திலிருந்து நீ அனுப்பிய ஜெப மடல் வந்து சேர்ந்தது. ஞாயிறு ஆராதனையில் அறிவிப்புகளுக்குப் பிறகு ஐயர் அதை முழுவதுமாக வாசித்தார். ஏரிக்கரைக் கிராமத்தில் நீ தொடங்கியிருக்கும் முதியோர் எழுத்தறிவு வகுப்பைப் பற்றிய பகுதி வந்தபோது, பெண்கள் பக்கத்தில் பலர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆராதனை முடிந்து வாசலில் நின்றபோது, மங்கோச்சிப் பகுதியில் வாழும் யாவோ மக்களில் பெரும்பாலானோர் இஸ்லாமியர் என்பதையும், நோன்புக் காலத்தில் அவர்கள் வீடுகளிலிருந்து உனக்குச் சாப்பாடு வருகிறது என்பதையும் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொன்னேன். கீழக்கரை நோன்புக் கஞ்சி குடித்து வளர்ந்த பிள்ளைக்கு அதில் என்ன புதுமை என்று பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மா ஒருவர் சிரித்தார். அதுவும் சரிதான்.

வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மடலை மறுபடியும் வாசித்தேன். டீசல் கிடைக்காமல் வண்டி நின்றது, அனுமதிச் சீட்டைப் புதுப்பிக்க அலைந்தது, மின்சாரம் போய்ப் போய் வருவது, சிச்செவா மொழியில் நீ முதன்முறையாகத் தாளைப் பார்க்காமல் பிரசங்கம் செய்தது எல்லாம் அதில் இருக்கின்றன. கடைசிப் பக்கத்து ஜெபக் குறிப்புகளில், போர்வெல் பழுதுக்கும் வண்டியின் டயருக்கும் நடுவில், மூத்த மகனின் விடுதிப் பள்ளிச் சேர்க்கைக்காக ஜெபியுங்கள் என்று ஒரு வரி இருந்தது. என் பேரன் விடுதிக்குப் போகப் போகிறான் என்ற செய்தி சபையார் எல்லோருக்கும் தெரிந்த அதே நிமிடத்தில்தான் எனக்கும் தெரிந்தது. இதை நான் குறையாக எழுதவில்லை என்று எழுதத் தொடங்கினேன். ஆனால், தம்பி, குறையாகத்தான் எழுதுகிறேன். அவனுக்கு ஒன்பது வயதுதான் ஆகிறது. கிராமத்துப் பள்ளியில் ஒரே வகுப்பறையில் நூறு பிள்ளைகளுக்கு மேல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நீ முன்பு எழுதியதை நான் மறக்கவில்லை, வீட்டிலேயே வைத்துச் சொல்லிக் கொடுப்பது எளிதல்ல என்பதும் எனக்குத் தெரியும். அவனை அனுப்புவதற்கு அவன் தாய் சம்மதித்தாளா என்பது மட்டும் அந்த வரியில் இல்லை.

கொசுவலைகளைப் பார்த்துக்கொள். மழை அங்கே நவம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை நீளும் என்று சொல்லியிருக்கிறாய். அதற்கு முன்பே நான்கு வலைகளையும் விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஓட்டை இருந்தால் அன்றைக்கே தைத்துவிட வேண்டும். காய்ச்சல் என்றால் மறுநாள் பார்க்கலாம் என்று இருந்துவிடாமல் உடனே இரத்தம் சோதிக்க வேண்டும். பிள்ளைகளை ஏரியின் நாணல் ஓரத்தில் இறங்கவிடாதே. உப்புக் கடலில் குளித்து வளர்ந்த நமக்கு, நல்ல தண்ணீரில் வாழும் நத்தையிலிருந்து ஒரு புழு வெளிவந்து, தோல் வழியாகவே உடம்புக்குள் போகும் என்பது நம்ப முடியாததாகத்தான் இருக்கும். பில்ஹார்சியா என்ற அந்த நோயையும் அதற்குரிய மாத்திரையையும் பற்றி, நீங்கள் போன முதல் வருடத்தில் மருமகள்தான் போனில் எனக்கு விளக்கிச் சொன்னாள். நர்ஸ் படித்தவள் சொன்னால் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று அப்பாவிடம் அப்போதே சொன்னேன். அவரோ நத்தையை விட்டுவிட்டு, உலகத்தில் வேறெந்த ஏரியிலும் இல்லாத அளவுக்கு மலாவி ஏரியில் மீன் இனங்கள் இருக்கின்றன என்று சொல்லி, உனக்கு எழுதச் சொல்லி ஒரு பட்டியலே போட்டார். அந்தப் பட்டியல் இன்னும் இழுப்பறையில் இருக்கிறது.

அந்த இழுப்பறையில்தான் உன் மடல்களையும் வைத்திருக்கிறேன். இந்த முறை எல்லாவற்றையும் எடுத்துத் தேதி வாரியாக அடுக்கினேன். 2023 மார்ச்சில் ஃபிரெடி புயல் அடித்து, பிளான்டையர் பக்கத்தில் மலைச்சரிவுகள் சரிந்து வீடுகளை மண்ணோடு இழுத்துக்கொண்டு போனபோது, பள்ளிக்கூடங்களில் தங்க வைக்கப்பட்டிருந்தவர்களைப் பார்க்க நீங்கள் இருவரும் போனீர்கள் அல்லவா? அந்த மடலில் ஒரு பத்தியை மருமகளே எழுதியிருந்தாள். காயங்களுக்குக் கட்டுப் போட்டதையும், துணி தீர்ந்துபோய்த் தன் சேலையைக் கிழித்ததையும், 1964 புயலைப் பற்றித் தன் பாட்டி சொன்னதையெல்லாம் அன்று நினைத்துக்கொண்டதையும் எழுதியிருந்தாள். அதை வாசித்தபோது இந்தச் சபையில் அழாதவர்கள் குறைவு. அதற்குப் பிறகு வந்த எந்த மடலிலும் அவள் கையெழுத்தில் ஒரு வரிகூட இல்லை. முதலில் படங்களின் ஓரத்தில் நின்றாள். இப்போது வந்த மடலில் குடும்பப் படம் என்று நீ அனுப்பியிருப்பதில் நீயும் பிள்ளைகளும்தான் இருக்கிறீர்கள். படம் எடுத்தவள் அவளாக இருக்கலாம். அப்படியே இருக்கட்டும் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டேன்.

சம்பந்தியம்மா சென்ற வாரம் பாம்பனிலிருந்து வந்திருந்தார்கள். தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கிவிட்டதால், பை நிறைய நண்டு கொண்டுவந்தார்கள். புதிய பாலம் திறந்து இராமேசுவரத்துக்கு ரயில் ஓடுவதைப் பற்றியும், மீன் விலையைப் பற்றியும், முழங்கால் வலியைப் பற்றியும் பேசினார்கள். வழக்கமாக வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, மகள் உங்களிடம் பேசினாளா என்று கேட்கிறவர்கள், இந்தத் தடவை அவள் பெயரையே எடுக்காமல் காப்பி குடித்துவிட்டுப் புறப்பட்டுவிட்டார்கள். சனிக்கிழமைதோறும் தாயோடு பேசுகிற பெண் அவள். நான் பேச அழைக்கும்போதெல்லாம் அவள் தூங்குகிறாள், தலைவலி, அடுப்படியில் இருக்கிறாள், நெட்வொர்க் சரியில்லை என்று நீயே பதில் சொல்லிவிடுகிறாய். எனக்கு உன் குரல் தெரியும். பரீட்சைத் தாளை மறைத்துவைத்த நாட்களில் பேசிய அதே குரலில்தான் இப்போதும் பேசுகிறாய்.

வேலை பார்த்துப் பழகிய பெண் சும்மா இருப்பது எவ்வளவு கடினம் என்று நீ யோசித்தாயா? வார்டு முழுவதையும் தன் பொறுப்பில் வைத்திருந்தவள், அங்கே நர்ஸாகப் பதிவு கிடைக்காததால் வீட்டுக்குள் இருக்கிறாள். உனக்கு மொழி வந்துவிட்டது, கூட்டம் இருக்கிறது, உன்னை எதிர்பார்த்து நிற்கும் கிராமங்கள் இருக்கின்றன. அவளுக்குக் களி கிளறுவதும், தண்ணீரைக் கொதிக்க வைப்பதும், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதும், நீ அழைத்து வரும் விருந்தாளிகளுக்குச் சமைப்பதும் இருக்கின்றன. அந்தப் பாடம் சொல்லும் வேலையும் இனிப் பாதி போய்விடும். கொசுவலையை அவள்தான் தைக்கிறாள் என்றால், நீயும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வலையைத் தை.

வில்லியம் கேரியின் கதை உனக்கு ஞாயிறு பள்ளியிலிருந்தே தெரியும். 1793இல் அவர் இந்தியாவுக்குப் புறப்பட ஆயத்தமானபோது, அவர் மனைவி டாரத்தி கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வர மறுத்தாள் என்பதையும், தங்கையும் கூட வந்தால் வருகிறேன் என்று கடைசியில் இணங்கினாள் என்பதையும், வந்த மறு ஆண்டில் ஐந்து வயதுப் பிள்ளை பேதுருவைப் பறிகொடுத்த பின்பு அவள் மனம் கலங்கி, 1807இல் இறக்கும்வரை தேறவேயில்லை என்பதையும் நாம் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. 1801இல் வங்காளப் புதிய ஏற்பாடு அச்சானதை மட்டும் சொல்கிறோம். ஆப்பிரிக்காவுக்குப் போன மிஷனெரி லிவிங்ஸ்டன் 1852இல் தம் மனைவி மேரியையும் பிள்ளைகளையும் கேப் டவுனிலிருந்து பிரிட்டனுக்கு அனுப்பிவிட்டுத் தாம் மட்டும் உள்நாட்டுக்குள் நடந்தார். அவர் திரும்பி வர நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று, அதுவரை அந்தத் தாய் நிலையான ஒரு வீடில்லாமல் அலைந்தாள். பிறகு மேரி மறுபடியும் ஆப்பிரிக்காவுக்கு வந்து, 1862இல் சாம்பேசி ஆற்றங்கரையில் காய்ச்சலில் இறந்தாள். ஆகையால், மனைவியை ஊருக்கு அனுப்பிவிட்டால் கடமை முடிந்தது என்றும் நான் சொல்ல வரவில்லை. தன் வீட்டாரை விசாரியாதவனைப் பற்றிப் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய வசனம் உனக்கு மனப்பாடம். அதை நான் இங்கே எழுத மாட்டேன்.

சென்ற வருடம் உங்கள் ஏரிக்கரையில், கேப் மக்ளியரில் இருக்கும் பழைய மிஷனெரிகளின் கல்லறைகளைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாய். 1875இல் அங்கே ஊழியத்தைத் தொடங்கியவர்கள், மலேரியாவில் ஒவ்வொருவராகச் சாவதைக் கண்டு 1881இல் பண்டாவேக்கு இடம் மாறினார்கள், அங்கும் அதே துன்பம் தொடர்ந்ததால் 1894இல் மேட்டு நிலத்துக்கு ஏறிப்போனார்கள் என்று நீதான் எழுதினாய். இடம் மாறியதால் அவர்களை யாரும் தோற்றவர்கள் என்று சொன்னதில்லை. விடுமுறைக்கு இன்னும் காலம் இருக்கிறது, உன்னை அனுப்பிய மிஷனெரி சங்கத்தார் என்ன நினைப்பார்கள், காணிக்கை அனுப்புகிற சபைகள் என்ன பேசும் என்றெல்லாம் நீ கணக்குப் போடுவாய். எங்கள் சபையைப் பற்றி நான் சொல்கிறேன்: இரண்டு பேர் பேசுவார்கள், அறுப்பின் பண்டிகை வரும்போது அவர்களும் மறந்துவிடுவார்கள். நீ நல்ல ஊழியக்காரன். இவ்வளவு தூரம் போய் இந்த மக்களோடு இருப்பவர்கள் நம் குடும்பத்தில் உனக்கு முன்னால் ஒருவரும் இல்லை. உன் அப்பா கடைசி நாட்களிலும் பார்க்க வந்தவர்களிடம் உன்னைப் பற்றித்தான் பேசினார். ஆனாலும் சொல்கிறேன், நான்கு பேரும் சேர்ந்து புறப்பட்டு வாருங்கள். வந்தால், சென்ற முறைபோல ஞாயிறுக்கு ஒரு சபையாகப் படம் போட்டுக் காட்டிக்கொண்டு திரியாதே. அவள் எத்தனை நாள் பாம்பனில் தாயோடு இருக்க வேண்டுமோ அத்தனை நாள் இருக்கட்டும். மதுரையிலோ வேறிடத்திலோ நல்ல மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்றால், மனதுக்குப் பார்க்கிற மருத்துவராக இருந்தாலும், நான் கூடப் போகிறேன்; இங்கே யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. மாடி அறையை வெள்ளையடித்து வைத்திருக்கிறேன். பெரியவனின் பள்ளியைப் பற்றி அதற்குப் பிறகு முடிவு செய்யலாம், அதுவரை விடுதிக்குப் பணம் கட்டாதே.

சங்கத்தாருக்கு நான் எழுதவில்லை. எழுத வேண்டியவன் நீ.

நெத்திலிக் கருவாடும் கருப்பட்டியும் கட்டி வைத்திருக்கிறேன், ஆள் வந்தால் கொடுத்தனுப்புகிறேன். கொசுவலையை மறக்காதே. வருகிற சனிக்கிழமை இங்கே மாலை ஏழு மணிக்கு, அதாவது உங்கள் நேரம் பிற்பகல் மூன்றரை மணிக்கு நான் அழைப்பேன். போனை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நீ வெளியே போய்விடு. அவள் பேசாவிட்டாலும் பரவாயில்லை, இணைப்பைத் துண்டிக்க வேண்டாம் என்று மட்டும் அவளிடம் சொல்லிவிட்டுப் போ.

அன்புடன்,
அம்மா