புல்லும் கட்டாந்தரையும்

ஆசிரியருக்கு,

உலகின் முன்னணி அணிகள் மோதும் புரோ லீக்கில் 2024-25-இல் கடைசி இடம் பிடித்த இந்திய மகளிர் ஹாக்கி அணி, அதற்கு ஒரு படி கீழேயுள்ள நேஷன்ஸ் கோப்பைக்கு இறக்கப்பட்ட செய்தியைப் படித்தேன். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற நாளிலிருந்து இந்த அணியின் ரசிகன் நான். டோக்கியோவில் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பிரிட்டனிடம் 3-4 எனத் தோற்ற அன்று, காபி ஆறியதுகூடத் தெரியாமல் டிவி முன் உட்கார்ந்திருந்தேன். அந்த அணியா இது? பாரிஸுக்குத் தகுதி பெறாதபோதே விழித்திருக்க வேண்டும்.

பயிற்சியாளரை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடாது. குறை அடிமட்டத்தில் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பள்ளி மாணவிகள் இன்றும் கட்டாந்தரையில்தான் பழகுகிறார்கள். செயற்கைப் புல்லில் இறங்கும்போது பந்தின் வேகமே அவர்களுக்குப் பிடிபடுவதில்லை. அத்தகைய மைதானம் உள்ள ஊர்களில் வாரம் இரண்டு மாலையாவது சுற்றுவட்டாரப் பள்ளி மாணவிகளுக்கு ஒதுக்கி, போய்வர பஸ்ஸும் விடலாம்.