மாத்திரையை நிறுத்தும் நாளைப் பற்றியும் பேசுங்கள்: மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் மாத்திரை எழுதித் தரும் எல்லோருக்கும் இந்த மடல். மனநல நிபுணர்களுக்கு மட்டும் இல்லை, பொது மருத்துவர்களுக்கும்தான்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மருந்துக்கு எதிரி இல்லை. எழுந்து பல் தேய்ப்பதே பெரிய வேலையாக இருந்த காலத்தில் என்னைத் தூக்கி நிறுத்தியது வென்லாஃபாக்சின். மூன்று வருடம் சாப்பிட்டேன். அந்த மருந்து இல்லாமல் அந்த வருடங்களைக் கடந்திருப்பேன் என்று எனக்குத் தோன்றவில்லை. மருந்தை எழுதித் தந்த மருத்துவர் மீதும் எனக்கு மரியாதை குறையவில்லை. தொடங்கிய அன்று அவர் பொறுமையாக உட்கார்ந்து, முதல் வாரம் குமட்டல் வரலாம், பலன் தெரிய சில வாரங்கள் ஆகும், நடுவில் விட்டுவிடாதீர்கள் என்று எல்லாவற்றையும் விளக்கினார். மூன்று வருடம் கழித்து நிறுத்தும்போது எனக்குக் கிடைத்தது ஒரே வாக்கியம்: "75 மில்லிகிராமை 37.5 ஆக்கி ரெண்டு வாரம் போடுங்க, அப்புறம் நிறுத்திடலாம்."

அப்படியே செய்தேன். நிறுத்திய இரண்டாம் நாள் சாயங்காலம் தலைக்குள் முதல் ஷாக் அடித்தது.

அதை எப்படிச் சொல்வதென்று இன்றும் தெரியவில்லை. வலி இல்லை. கண்ணைச் சட்டென்று ஒரு பக்கம் திருப்பினால் 'விர்ர்' என்று ஒரு மின்சாரம் தலைக்குள் ஓடி உதடு வரை இறங்கும். அரை நொடி உலகம் விட்டுப்போய் மறுபடி ஒட்டிக்கொள்ளும். நோயாளிகள் இதற்கு 'பிரெயின் ஸாப்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்று பக்கவாதம் வரப்போகிறது என்றே நினைத்தேன். அடுத்த நாள் முதல் தரை படகு மாதிரி ஆடியது. இரவில் சட்டை நனையும் அளவுக்கு வியர்வை. தூங்கினால் விழித்த பிறகும் விடாத கனவுகள். ஐந்தாம் நாள் என் மகள் தம்ளர் தண்ணீரைக் கொட்டிவிட்டாள் என்று நான் போட்ட சத்தத்தில் அவள் அறைக்குள் ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அழுதேன்.

பத்தாம் நாள் மருத்துவரிடம் போனேன். "நோய் திரும்பிவிட்டது. நீண்ட காலம், ஒருவேளை ஆயுள் முழுக்க மருந்து வேண்டியிருக்கும்" என்றார். மறுபடி 75. போட்ட மறுநாளே ஷாக் குறைந்தது. மூன்றாம் நாள் தரை ஆடுவது நின்றது.

நான் உங்களைக் கேட்க விரும்புவது இங்கேதான் இருக்கிறது. முதல் முறை இதே மருந்து என் மனச்சோர்வைத் தொட ஐந்து வாரம் எடுத்துக்கொண்டது. இப்போது மூன்றே நாளில் எல்லாம் சரியானால், சரியானது மனச்சோர்வாக இருக்க முடியுமா? நோய் திரும்புவது பெரும்பாலும் மெதுவாக, வாரங்கள் மாதங்களாக வரும். மருந்து உடம்பை விட்டு வெளியேறுவதால் வரும் அறிகுறிகள் சில நாட்களிலேயே வரும். அதோடு, எனக்கு மனச்சோர்வு இருந்தபோது ஒரு நாள்கூடத் தலைக்குள் ஷாக் அடித்ததில்லை. நோய் நாட்களில் இல்லாத உடல் தொந்தரவுகள் புதிதாக வருவதும், மருந்தைத் திரும்பக் கொடுத்தால் விரைவில் அடங்குவதும் பெரிய தடயங்கள். ஃப்ளூவாக்ஸிடின் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்து மட்டும் இதில் கொஞ்சம் ஏமாற்றும். அது உடம்பில் பல வாரம் தங்குவதால், தொந்தரவும் நிறுத்திச் சில வாரம் கழித்துத்தான் தலைகாட்டும். அப்போது மருந்தின் நினைவே யாருக்கும் வராது.

இவை எதுவும் உங்களுக்குப் புதிது இல்லை என்று தெரியும். மனச்சோர்வு மருந்துகளில் மூத்ததான இமிப்ரமினை நிறுத்தியவர்களுக்கு ஏற்பட்ட தொந்தரவுகள் 1959-லேயே மருத்துவ இதழ்களில் வந்துவிட்டன. 1990-களில் இதற்கு 'நிறுத்தல் நோய்க்குறி' என்று மென்மையான ஒரு பெயர் புழக்கத்துக்கு வந்தது. அந்த மென்மை எங்களுக்கு நல்லது செய்யவில்லை என்பது என் கருத்து. பல வருடம் பிரிட்டனில் மருத்துவர்களுக்குச் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டியே, இந்த அறிகுறிகள் பொதுவாக லேசானவை, ஒரு வாரத்தில் தானே போய்விடும் என்றுதான் சொல்லிவந்தது. 2019-ல் அங்குள்ள மனநல மருத்துவர்களின் அமைப்பான ராயல் மனநல மருத்துவர் கல்லூரி தன் நிலைப்பாட்டை மாற்றியது. அதே ஆண்டு அக்டோபரில் நைஸும் வாசகத்தைத் திருத்தி, சிலருக்கு இவை கடுமையாகவும் நீண்ட நாளும் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டது. ஆனால் வழிகாட்டியில் மாறிய வாசகம் ஆலோசனை அறைகளுக்குள் வந்து சேர நாளாகிறது. நான் போன அறைக்கு அது வந்திருக்கவில்லை.

எத்தனை பேருக்கு இப்படி ஆகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே சண்டையே நடக்கிறது. 2019-ல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு என்றது. 2024-ல் லான்செட் சைக்கியாட்ரி என்ற மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வு, நிறுத்தியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அறிகுறி வந்ததாகவும், ஒப்பீட்டுக்காகக் கொடுத்த மருந்தே இல்லாத மாத்திரையை நிறுத்தியவர்களிலும் ஆறில் ஒருவருக்கு வந்ததாகவும் சொல்கிறது. கடுமையான அறிகுறி நூற்றில் மூன்று பேருக்கு. அதில் சேர்த்த ஆய்வுகள் பலவற்றில் மருந்து சாப்பிட்ட காலமே குறைவு என்று விமர்சனம் உண்டு. சரி, மிகக் குறைந்த எண்ணையே எடுத்துக்கொள்வோம். இந்த மருந்துகளைக் கோடிக்கணக்கானவர்கள் சாப்பிடுகிறார்கள். அதில் நூற்றுக்கு மூன்று என்றாலே எவ்வளவு பேர்! அந்த மூன்று பேரில் ஒருவர் எதிரில் உட்காரும்போது அவருக்குச் சதவீதம் தேவைப்படாது. "எனக்கு நடப்பது என்ன" என்பதற்கு ஒரு பதில் மட்டும் போதும்.

மறுபக்கத்தையும் மறைக்க விரும்பவில்லை. நோய் திரும்புவதும் உண்மைதான். 2021-ல் வெளிவந்த ஆன்ட்லர் என்ற பிரிட்டிஷ் ஆய்வில், மருந்தைத் தொடர்ந்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்துக்குள் மனச்சோர்வு திரும்பியது. நிறுத்தியவர்களில் 56 சதவீதம். ஆகவே எல்லோரும் நிறுத்தியே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆய்விலும் மருந்தைக் குறைத்தது இரண்டே மாதத்தில். பெரும்பாலானவர்களுக்கு முதல் மாதம் பாதி அளவு, இரண்டாம் மாதம் அதையும் ஒருநாள் விட்டு ஒருநாள். அந்த 56-க்குள் என்னைப் போன்றவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று யோசிக்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

ஒருநாள் விட்டு ஒருநாள் என்ற அந்த முறையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வென்லாஃபாக்சின் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஐந்து மணி நேரம் போதும். அது உடம்பில் மாறி உண்டாகும் பொருளுக்குப் பதினோரு மணி நேரம். இன்னொரு மனச்சோர்வு மருந்தான பரோக்ஸிடினுக்கு ஏறக்குறைய ஒரு நாள். இப்படிப்பட்ட மருந்தை ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடுவது என்றால், இரண்டு நாளுக்கு ஒருமுறை புதிதாக நிறுத்துவதுதான். மூன்று வருடமும் ஒருவேளை மாத்திரை மறந்தாலே அன்று சாயங்காலம் எனக்குக் கிறுகிறுப்பு வரும். இதை யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நிறுத்துவது யாருக்குக் கடினமாக இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள அந்த ஒரு கேள்வி எவ்வளவோ உதவும்.

இரண்டாவது முயற்சியில் எனக்கு வேறு ஒரு மருத்துவர் கிடைத்தார். அவர் ஒரு தாளை எடுத்து ஒரு வளைகோடு வரைந்தார். 2019-ல் மார்க் ஹோரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரையில் இருப்பது அது. சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மருந்தை உதாரணமாக எடுத்துக்கொண்டால், 40 மில்லிகிராம் மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருளைத் திரும்ப உறிஞ்சும் வாயில்களில் சுமார் 86 சதவீதத்தை அடைக்கிறது. அளவைப் பாதியாக்கி 20 மில்லிகிராம் ஆக்கினாலும் 80 சதவீதம் அடைபட்டே இருக்கிறது. அந்த 20-ஐ அப்படியே நிறுத்தினால் அந்த 80-உம் ஒரே தாவலில் போகிறது. அடைப்பு 60 சதவீதத்துக்கு இறங்க அளவு ஏறக்குறைய 5.4 மில்லிகிராம் ஆக வேண்டும், 40 சதவீதத்துக்கு 2.3, 20 சதவீதத்துக்கு 0.8. மாடிப்படியில் மேல் படிகள் எல்லாம் உள்ளங்கை உயரம், கடைசிப் படி மட்டும் ஒரு ஆள் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் விழுந்தது அந்தக் கடைசிப் படியில். இதைப் பார்த்ததும் என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் மன உறுதி குறைவு என்று இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதன்படி, அவ்வப்போது இருக்கும் அளவில் பத்தில் ஒரு பங்கு குறைப்பது, உடம்பு அமைதியாகும்வரை நிற்பது, பிறகு அடுத்த படி. எனக்கு 37.5-க்குக் கீழே கேப்ஸ்யூல் கிடைக்கவில்லை. அவரும் மருந்தாளுநரும் சொல்லிக்கொடுத்த முறையில், கேப்ஸ்யூலைத் திறந்து உள்ளே இருக்கும் சின்னச் சின்ன உருண்டைகளை வெள்ளைத் தட்டில் கொட்டி எண்ணினேன். (இதைப் படிக்கும் நோயாளிகளுக்கு: எல்லா மருந்திலும் இப்படிச் செய்ய முடியாது. மெதுவாகக் கரையும் மாத்திரைகள் சிலவற்றை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. சில மருந்துகள் சொட்டு மருந்தாகவே வருகின்றன. கேட்காமல் எதையும் செய்யாதீர்கள். இந்த மடலைப் படித்துவிட்டு இன்றிரவு மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.) உருண்டை எண்ணும் வேலை கணவருடையதாகிவிட்டது. ஞாயிறு காலையில் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு வாரத்துக்கு உண்டானதை எண்ணி வைப்பார்.

தொந்தரவே இல்லாமல் முடிந்தது என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு குறைப்புக்கும் பிறகு சில நாள் அலை அடிக்கும். ஷாக் வரும் நாட்களில் வண்டி ஓட்டவில்லை. தூக்க நேரத்தை மாற்றவில்லை. பெரிய முடிவு எதையும் அந்த வாரங்களில் எடுக்கவில்லை. "அம்மாவுக்கு மாத்திரை குறைக்கிற வாரம், கொஞ்சம் சிடுசிடுன்னு இருப்பேன், உன் மேல கோபம் இல்ல" என்று மகளிடம் முன்பே சொல்லிவிடுவேன். இரண்டு முறை தாங்காமல் முந்தைய அளவுக்கே திரும்பினேன். மருத்துவர் அதைத் தோல்வியாகப் பார்க்கவில்லை; "அப்போ இந்தப் படியை ரெண்டாப் பிரிப்போம்" என்றார். பதினேழு மாதம் ஆயிற்று.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியங்கள் இல்லை. முதல் சீட்டு எழுதும் நாளிலேயே, எவ்வளவு காலம் என்பதையும், நிறுத்தும்போது மெதுவாக இறங்க வேண்டும் என்பதையும் இரண்டு வரி சொல்லுங்கள். பயந்து யாரும் மருந்தை மறுத்துவிடுவார்கள் என்ற கவலை புரிகிறது. ஆனால் சொல்லாமல் விடப்பட்டவர்தான், பாதியில் தானே நிறுத்தி மாட்டிக்கொள்கிறார். இறங்கும் மாதங்களில் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் கேட்க ஒரு வழி வையுங்கள். ஒரு இடத்தில் உட்கார முடியாத தவிப்போ, செத்துவிடலாம் என்ற எண்ணமோ வந்தால் அன்றே கூப்பிட வேண்டும் என்பதை நோயாளியிடமும் வீட்டாரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள். மருந்தாளுநர்களோடு சேர்ந்து சின்ன அளவுகளுக்காக நிறுவனங்களிடம் குரல் கொடுங்கள். நாங்கள் கேட்டால் ஒரு கடிதத்தோடு முடிந்துவிடும். நீங்கள் கேட்டால் அப்படி ஆகாது.

என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. தேதி, அளவு, தூக்கம், ஷாக் எத்தனை முறை, அன்று அழுதேனா. கடைசிப் பக்கங்களில் உருண்டைகளின் எண்ணிக்கை மட்டும்தான்: ஒன்பது, எட்டு, ஏழு, எட்டு, ஏழு. அந்த இரண்டாவது எட்டு, ஒரு படி திரும்பி ஏறிய வாரம். உங்களில் யாருக்கு அது பயன்படும் என்றாலும் நகலெடுத்துத் தருகிறேன். அடுத்து வருபவரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் நோயாளிகளில் ஒருத்தி