உலர்தாவரச் சீட்டுகளை ஊர்க்காரர்களும் படிக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம் பேணிவரும் மெட்ராஸ் ஹெர்பேரியத்தில், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட உலர்தாவர மாதிரிகள் அட்டைகளில் ஒட்டிப் பாதுகாக்கப்படுகின்றன. தன் தொகுப்புகளிலுள்ள மாதிரிகளின் படங்களை அந்நிறுவனம் 2022-இல் இணையத்தில் திறந்துவைத்தது. அடுத்த கட்டப் பணியில் பொதுமக்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

படம் எடுப்பதோடு வேலை முடிவதில்லை. அட்டையின் மூலையிலுள்ள சீட்டில் செடியின் பெயர், சேகரித்தவர், இடம், நாள் ஆகியவை எழுதப்பட்டிருக்கும்; அவற்றைத் தட்டச்சு செய்து ஏற்றினால்தான், ஒரு செடி நூறாண்டுகளுக்கு முன் எந்த மலையில் எந்த மாதம் பூத்தது என்பதைத் தேடியெடுத்து இன்றைய நிலையோடு ஒப்பிட முடியும். ஆனால் பழைய சீட்டுகள் பலவற்றில் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். மாதம் ரோமன் எண்ணில் இருக்கும். உயரம் அடிக்கணக்கில் இருக்கும். திருநெல்வேலி 'டின்னவெல்லி' ஆகியிருப்பதைக் கணினியும் கண்டுகொள்ளும். அந்தக் காலத்து வெள்ளைக்கார அதிகாரி காதில் விழுந்தபடி எழுதிவைத்த ஒரு சிற்றூரையோ ஓடையையோ அடையாளம் காண, அந்த வட்டாரத்தில் கிராம நிர்வாக அலுவலராகவோ தபால்காரராகவோ இருந்து ஓய்வுபெற்றவர்தான் வேண்டும்.

இது புதுமையான யோசனையும் அன்று. ஆஸ்திரேலிய அருங்காட்சியகம் 2011-இல் தொடங்கிய 'டிஜிவோல்' திட்டத்திலும், பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 2012-இல் தொடங்கிய திட்டத்திலும் தன்னார்வலர்கள் வீட்டிலிருந்தபடியே சீட்டுகளைப் படித்துப் பதிவு செய்துவருகிறார்கள். அனுபவமில்லாதவர்கள் தவறாகப் பதிவார்களே என்ற அச்சம் நியாயமானதுதான். இதற்காகவே பாரிஸில் ஒரே சீட்டைப் பலரிடம் கொடுத்து, அவர்களின் பதிவுகளை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் ஒருவர் பதிந்ததை அனுபவமுள்ள வேறொருவர் சரிபார்க்கிறார்.

ஒரு நிபந்தனை மட்டும் கட்டாயம் வேண்டும். அரிய ஆர்க்கிடுகள் போன்றவை வளரும் இடத்தைத் துல்லியமாக வெளியிட்டால், திருடிச் செல்வோருக்கு நாமே வழிகாட்டியதாகிவிடும். அத்தகைய சீட்டுகளை அறிவியலாளர்கள் தங்கள் வசமே வைத்துக்கொள்ளட்டும். மற்றவற்றில், நீலகிரியில் சேகரித்த மாதிரிகளிலிருந்து தொடங்கலாம். எஸ்டேட் பெயர்களையும் பழைய பாதைகளையும் அறிந்த முதியவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை,
குன்னூர்.